நீலகிரியில் பரம்பரைப் புற்றுநோய்க் குடும்பங்களுக்கு ஒரு செயலி செய்வதென்றால்

கோவையில் கடைசி வருடம் படிக்கும் நான்கு பேர், அதில் ஒருவர் கோத்தகிரிக்காரர், பரம்பரையாகப் புற்றுநோய் வரும் வாய்ப்புள்ளவர்களுக்கு ஒரு மொபைல் செயலி செய்யப் போவதாகவும், அதை நீலகிரியில் சோதித்துப் பார்க்க எண்ணியிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ரிஸ்க் கால்குலேட்டர், கேள்விக்குப் பதில் சொல்லும் சாட்பாட், நோயாளிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒரு பகுதி, மருத்துவக் கட்டுரைகள் என்று நான்கு அம்சங்களைச் சொல்லி, எதை முதலில் செய்வது, எது விட்டுப்போயிருக்கிறது என்று கேட்கிறீர்கள்.

நான் கோவையில் பதினோரு வருடம் மரபணு ஆலோசகராக இருந்தவள். இப்போது குன்னூரில் இருந்துகொண்டு நேரிலும் போனிலும் அதே வேலையைச் செய்கிறேன். நேராகவே சொல்லிவிடுகிறேன். முதலில் செய்ய வேண்டியது உங்கள் பட்டியலில் இல்லை. மரபணுப் பரிசோதனை ரிப்போர்ட் கைக்கு வந்த பிறகுதான் ஒரு குடும்பத்துக்கு உண்மையில் உதவி தேவைப்படுகிறது. அடுத்த ஸ்கேன் எப்போது, அதற்கு மலையிலிருந்து இறங்கி எப்படிப் போய்வருவது, விஷயத்தை யாரிடம் சொல்வது, யார் கண்ணில் படாமல் வைத்துக்கொள்வது என்று பத்து வருடம், இருபது வருடம் ஓடும் கவலை அது. உங்கள் செயலி இதைச் செய்தால் போதும், மற்றது எதுவுமே இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

குழுவில் எல்லாருக்கும் ஒரே புரிதல் வேண்டும் என்பதால் நோயைப் பற்றிச் சுருக்கமாக. புற்றுநோய் வருகிற 100 பேரில் ஏறக்குறைய 5 முதல் 10 பேருக்குத்தான் அது பெற்றோர் வழியாக வந்த மரபணு மாற்றத்தால் வருகிறது. மார்பகம், சினைப்பை என்றால் பெரும்பாலும் பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்ற மரபணுக்கள். முதலாவதை 1994-லும் இரண்டாவதை 1995-லும் அடையாளம் கண்டார்கள். பெருங்குடல், கர்ப்பப்பை என்றால் லிஞ்ச் சிண்ட்ரோம் என்ற பரம்பரை நிலை; எம்எல்எச்1, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6, பிஎம்எஸ்2 என்பவை அதன் முக்கிய மரபணுக்கள். அப்பா, அம்மா இருவரில் ஒருவரிடம் மாற்றம் இருந்தாலே ஒவ்வொரு பிள்ளைக்கும் அது போய்ச் சேரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. ஆண் பிள்ளை, பெண் பிள்ளை என்ற வித்தியாசம் இதில் கிடையாது. பிஆர்சிஏ2 உள்ள ஆண்களுக்கு புராஸ்டேட் புற்றுநோயும், அரிதாக மார்பகப் புற்றுநோயும் வருகிறது. அவர்களுக்கு ஒன்றும் வராவிட்டாலும் மகளுக்குக் கடத்திவிடலாம்.

இதை நீலகிரியில் விளக்கும்போது ஒரு தனிச் சிக்கல் உண்டு. கூடலூர், பந்தலூர் பக்கம் ஆதிவாசி கிராமங்களில் பரம்பரை நோய் என்றாலே எல்லாருக்கும் தெரிந்தது சிக்கிள் செல் ரத்தசோகை. இந்தியாவில் அதை முதலில் பதிவு செய்ததே 1952-ல், இந்த மலையின் பழங்குடி மக்களிடம்தான். பல வருடம் பரிசோதனையும் ஆலோசனையும் நடந்ததில், அம்மா அப்பா இருவரிடமும் இருந்தால்தான் குழந்தைக்கு நோய் என்பது மனதில் ஆழமாகப் பதிந்துவிட்டது. சிக்கிள் செல்லுக்கு அது சரி. பிஆர்சிஏவுக்குத் தவறு. பந்தலூரிலிருந்து வந்த ஒரு பெண்ணிடம் ஒருமுறை அரை மணி நேரம் பேசினேன். கடைசியில் அவர் முகம் தெளிந்து, "வீட்டுக்காரருக்கு இல்லையே மேடம், அப்ப பிள்ளைங்களுக்குப் பயமில்லை" என்றார். ஒருவரிடம் இருந்தாலே போதும் என்ற அந்த ஒரு வாக்கியத்தை நான் அவருக்குப் புரியும்படி சொல்லவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. உங்கள் செயலியில் பேசும் குரல் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம் அதுதான். குரல் என்று ஏன் சொல்கிறேன் என்றால், கட்டுரை எழுதிப் போட்டால் இங்கே பாதிப் பேர் படிக்க மாட்டார்கள். தமிழில் ஒரு பதிவு, படுகு மொழியில் ஒரு பதிவு, முடிந்தால் கூடலூர்ப் பக்கத்து ஆதிவாசி மொழிகளிலும் ஒவ்வொன்று, அந்தந்த ஊர்ப் பெண்களையே பேசவைத்து, ஒவ்வொன்றும் இரண்டு நிமிடத்துக்குள். கட்டுரைப் பகுதிக்கு இது போதும்.

சரி, கால்குலேட்டர். 2017-ல் வந்த ஒரு பெரிய ஆய்வின்படி, பிஆர்சிஏ1 மாற்றம் உள்ள 100 பெண்களில் 80 வயதுக்குள் 72 பேருக்கு மார்பகப் புற்றுநோயும் 44 பேருக்கு சினைப்பைப் புற்றுநோயும் வருகின்றன. பிஆர்சிஏ2 என்றால் 69, 17. அந்த ஆய்வில் இருந்தவை பெரும்பாலும் மேலைநாட்டுக் குடும்பங்கள். அந்த எண்ணை அப்படியே எடுத்து இருபத்து நான்கு வயதுப் பெண்ணிடம் இரவு பத்து மணிக்குத் திரையில் காட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். "72 சதவீதம்" என்பதை அவர் பரீட்சை மார்க் போலப் படிப்பார். 80 வயது வரைக்குமான கணக்கு என்பது காதில் விழாது, நாளைக்கே வரப்போகிறது என்றுதான் விழும். எண் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆலோசகர் எதிரில் இருக்கும்போது, அவர் திறந்துவிட்டால் மட்டும் தெரியும்படி வையுங்கள். சதவீதமாக வேண்டாம்; வரிசைக்குப் பத்து என்று நூறு சின்ன உருவங்கள் வரைந்து, எத்தனை பேர் நிறம் மாறுகிறார்கள் என்று வயது வாரியாகக் காட்டுங்கள். நிறம் மாறாமல் நிற்பவர்களையும் அந்தப் படத்தில் எண்ண முடியும். அதைப் பார்த்துத்தான் பலர் முதல்முறையாக மூச்சு விடுகிறார்கள்.

வார்த்தைகளிலும் கவனம் வேண்டும். "பாசிட்டிவ்" என்று திரையில் வந்தால் புற்றுநோய் வந்துவிட்டது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். கொரோனாவுக்குப் பிறகு இது இன்னும் அதிகம். "நெகட்டிவ்" இன்னும் மோசம். குடும்பத்தில் ஏற்கெனவே கண்டுபிடித்த மாற்றம் இவரிடம் இல்லை என்றால் அது நல்ல செய்தி, இவருக்கு மற்ற எல்லாரையும் போலச் சாதாரண வாய்ப்புதான். குடும்பத்தில் மாற்றமே கண்டுபிடிக்காமல் இவருக்கு மட்டும் டெஸ்ட் செய்து எதுவும் கிடைக்கவில்லை என்றால் அதற்கு அப்படி அர்த்தம் இல்லை. இரண்டுக்கும் ஒரே வார்த்தை போட்டால் ஒருவர் ஸ்கேனை நிறுத்திவிடுவார். மூன்றாவதாக ஒரு வகை இருக்கிறது, பொருள் தெளிவாகாத மாற்றம். உலகத் தரவுத்தளங்களில் இந்தியர்களின் மரபணு விவரம் குறைவாக இருப்பதால் நமக்கு இந்த வகை ரிப்போர்ட் அதிகம் வருகிறது. அதை வைத்து யாரும் அறுவை சிகிச்சைக்குப் போகக்கூடாது. பிற்பாடு இவற்றை மறுபடி ஆராயும்போது பெரும்பாலானவை தீங்கில்லாதவை என்று மாற்றி எழுதப்படுகின்றன. ஆகவே செயலியில் ரிப்போர்ட்டோடு தேதியைச் சேமித்து, வருடத்துக்கு ஒருமுறை "இதை மறுபடி பார்க்கச் சொல்லி ஆலோசகரிடம் கேளுங்கள்" என்று ஞாபகப்படுத்த வேண்டும். முடிவை முதன்முதலில் சொல்வது மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செயலியின் வேலை ஆகக்கூடாது. அது ஒரு மனிதர் சொல்ல வேண்டியது.

அடுத்தது குடும்ப மரம். தமிழ் உங்களுக்குக் கை கொடுப்பதும் காலை வாரிவிடுவதும் இந்த இடத்தில்தான். மூன்று தலைமுறைக்கு யாருக்கு என்ன நோய், எந்த வயதில் என்று வரைவது எங்கள் வேலையின் அடிப்படை. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் வந்தவருக்கு உள்ளே கறுப்பு, இறந்தவர் மேல் ஒரு சாய்கோடு. ஆங்கிலப் படிவத்தை மொழிபெயர்த்து "அத்தைக்கு உண்டா?" என்று கேட்டீர்களானால் கெட்டது. அத்தை என்றால் அப்பாவின் அக்கா தங்கை. மாமாவின் மனைவியும் அத்தைதான். பல வீடுகளில் மாமியாரையும் அத்தை என்றுதான் கூப்பிடுகிறார்கள். இதில் முதலாமவருக்கு மட்டும்தான் ரத்த உறவு உண்டு என்று வைத்துக்கொள்ளவும் முடியாது, ஏனென்றால் அத்தை மகனைக் கட்டிய பெண்ணுக்கு மாமியாரும் ரத்த உறவே. சித்தி என்றால் அம்மாவின் தங்கை, சித்தப்பாவின் மனைவியும் சித்தி. பெரியப்பா மகனும் அண்ணன்தான். படுகர் ஊர்களில் பொதுவாக ஒரே ஹட்டிக்குள், அதாவது ஒரே ஊருக்குள், பெண் கொடுத்துப் பெண் எடுக்க மாட்டார்கள், எல்லாரும் அண்ணன் தங்கை முறை. அங்கே "எங்க அண்ணனுக்கு வந்துச்சு" என்றால் யார் என்று தோண்டித்தான் பார்க்க வேண்டும். அதனால் முறைப் பெயரைப் பட்டியலில் கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லாதீர்கள். "உங்கள் அப்பாவோடு கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர்?" என்று தொடங்கி, ஒவ்வொருவராகக் கேளுங்கள். கூடப்பிறந்த என்ற சொல்லை எல்லாரும் சரியாகப் புரிந்துகொள்கிறார்கள். அப்பா பக்கத்தைக் கேட்க மறக்கவே கூடாது. மார்பகம் என்றதும் அம்மா வழியை மட்டும் கேட்டுவிட்டு அனுப்புகிற மருத்துவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

நிரல் எழுதும் உங்களுக்கு இன்னொன்று. அக்கா மகளைக் கட்டியவர், அத்தை மகனைக் கட்டியவர் என்று வரும்போது ஒரே ஆள் மரத்தில் இரண்டு இடத்தில் வருவார். ஒருவருக்கு ஓர் இடம்தான் என்று கிளை கிளையாக எழுதியிருந்தால் உங்கள் நிரல் அங்கேயே உடையும். எத்தனை கோடு வேண்டுமானாலும் யாரிடமிருந்தும் யாருக்கும் போகலாம் என்கிற வலைப்பின்னலாக எழுதுங்கள். சொந்தத்தில் நடந்த திருமணத்துக்கு நாங்கள் இரட்டைக் கோடு போடுவோம், அது திரையில் தெரிய வேண்டும். இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே மரபணுவில் மாற்றம் வந்து சேர்ந்தால், அரிதாக, பிள்ளைக்கு வேறு வகையான கடுமையான நோய் வரும். பிஆர்சிஏ2-வில் அப்படி நேர்ந்தால் ஃபான்கோனி ரத்தசோகை என்ற அரிய நோய். லிஞ்ச் மரபணுக்களில் நேர்ந்தால் சின்ன வயதிலேயே புற்றுநோய். அந்த இரட்டைக் கோட்டைப் பார்த்துத்தான் ஆலோசகர் சுதாரிப்பார்.

நோயின் பெயரை யாரும் மருத்துவர் சொல்வது போலச் சொல்ல மாட்டார்கள். "வயித்துல கட்டி", "மகோதரம் வந்து வயிறு வீங்கிச் செத்துப்போச்சு", "சின்ன வயசுலயே கர்ப்பப்பையை எடுத்துட்டாங்க". மகோதரம் என்று ஒரு பாட்டியைப் பற்றிச் சொன்னால் அது சினைப்பைப் புற்றுநோயாக இருந்திருக்கலாம், ஈரல் நோயாகவும் இருந்திருக்கலாம். செயலி தீர்மானிக்க வேண்டாம், சொன்ன வார்த்தையை அப்படியே குரலாகப் பதிந்து ஆலோசகருக்கு வைக்கட்டும். வயதும் அப்படியே. "எம்ஜிஆர் செத்த வருசம்" என்றால் 1987, அன்றைக்கு அவருக்கு மூத்த பிள்ளை பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தது என்றால் வயதைக் கணக்குப் போட்டுவிடலாம். பிறந்த வருடத்தைக் கட்டாயமாக்கிச் சிவப்பு நட்சத்திரம் போட்டால் எதையாவது அடித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

அப்புறம் இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு அங்கே மலையகத்திலிருந்து வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-ல் அரசு தேயிலைத் தோட்டம், டான்டீ, தொடங்கியது. கோத்தகிரியிலும் கூடலூர்ப் பக்கத்திலும் இந்தக் குடும்பங்கள் நிறைய. அக்கா இலங்கையில் அட்டனில், தங்கை இங்கே சேரம்பாடியில் என்று அறுந்துபோன மரங்கள் அவை. ஒரு அம்மாவிடம் அவருடைய பெரியம்மாக்களைப் பற்றிக் கேட்டேன். கப்பலேறிய நாளில் பார்த்ததோடு சரி, அப்புறம் ஒரு கடிதம் வந்தது, அதுவும் நின்றுவிட்டது என்றார். அந்த இடத்தில் "நோய் இல்லை" என்று பதிந்தால் அது பொய். "தெரியாது" என்பதும் "இல்லை" என்பதும் உங்கள் தரவில் இரண்டு வேறு விடைகளாக இருக்க வேண்டும். இந்த ஒன்றை மட்டும் கவனித்தாலே பல குடும்பங்களை டெஸ்ட் தேவையில்லை என்று தவறாக ஒதுக்கிவிடுவது குறையும். இன்னொன்று, மரத்தில் பெயர்கள் வேண்டாம். அந்த உறவினர்கள் யாரும் உங்களுக்குச் சம்மதம் தரவில்லை. "அப்பாவின் இரண்டாவது தங்கை" என்று இருந்தால் மருத்துவத்துக்குப் போதும்.

இப்போது போன். நீங்கள் நான்கு பேரும் ஆளுக்கொரு போன் வைத்திருப்பீர்கள். கட்டபெட்டுப் பக்கம் கொழுந்து பறிக்கப் போகும் ஒரு அக்காவை எனக்குத் தெரியும். வீட்டுக்கு ஒரே ஸ்மார்ட்போன். பகலெல்லாம் அது மகனிடம் இருக்கும், சாயங்காலம் மகள் படிக்க வாங்கிக்கொள்வாள், இரவு எட்டரைக்கு மேல் தொடர் முடிந்த பிறகு அவர் கைக்கு வரும். மூலையில் விரிசல் விட்ட கண்ணாடிக்கு மேல் டேப் ஒட்டியிருக்கும். ஒருநாள் ஒரு மருத்துவமனையிலிருந்து "உங்கள் மரபணுப் புற்றுநோய்ப் பரிசோதனை முடிவு தயார்" என்று குறுஞ்செய்தி வந்தது. போன் அப்போது கூடத்தில் மேசைமேல் கிடந்தது. மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். பூட்டிய திரையிலேயே வாக்கியம் முழுதும் தெரிந்தது. அவர்கள் டீ குடித்துவிட்டு மரியாதையாகத்தான் எழுந்து போனார்கள். அதற்குப் பிறகு தகவல் எதுவும் வரவில்லை. மகளுக்கு டெஸ்ட் கூட எடுத்திருக்கவில்லை அப்போது. அந்த அக்கா என்னிடம் கேட்டது நோயைப் பற்றி அல்ல. "அந்த மெசேஜ் வராம இருந்திருந்தா?" என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டார்.

ஆகவே அறிவிப்பில் புற்றுநோய், மரபணு, ஸ்கேன், மருத்துவமனைப் பெயர் எதுவும் வரக்கூடாது. "நாளைக்கு ஒரு வேலை இருக்கிறது" போதும். செயலியின் பெயரும் படமும் எதையும் காட்டிக்கொடுக்காததாக இருக்கட்டும். போனின் பூட்டைத் தவிர செயலிக்கென்று தனி நான்கு இலக்க எண். இரண்டு நிமிடம் தொடாமல் விட்டால் மூடிக்கொள்ள வேண்டும், சமீபத்தில் திறந்தவை பட்டியலில் உள்ளடக்கம் தெரியக்கூடாது, ஸ்கிரீன்ஷாட்டும் எடுக்க வராதபடி செய்யுங்கள். அறிவிப்புகளை நம்பியும் இருக்காதீர்கள். விலை குறைந்த போன்களில் பேட்டரியைச் சேமிக்கிறேன் என்று பின்னணியில் ஓடும் செயலிகளை நிறுத்திவிடுகிறார்கள், நினைவூட்டல் வராமலே போகும். இணையம் இல்லாமலே போனுக்குள் அடிக்கும் அலாரமும், அதற்கு மேல் அவர் விரும்பிய நேரத்தில் ஒரு சாதாரணக் குறுஞ்செய்தியும் வேண்டும். மஞ்சூர், கீழ்க்கோத்தகிரிப் பக்கம் பள்ளத்தில் இருக்கிற ஊர்களில் டவர் கிடைக்காது. மழைக்காலத்தில் கரண்ட் போனால் டவரும் போகும். எல்லாப் பக்கமும் இணையம் இல்லாமல் திறக்க வேண்டும்.

நோயாளிகள் பேசிக்கொள்ளும் பகுதியை எடுத்துவிடச் சொல்வதும் இதனால்தான். பெயரை மறைத்து எழுதலாம் என்பீர்கள். இந்த மலையில் ஹட்டி பெயரோ எஸ்டேட் பெயரோ சொல்லி, இரண்டு பெண் பிள்ளைகள், ஒரு ஆபரேஷன் என்றால் யாரென்று சொல்லிவிடுவார்கள். அதற்குப் பதில், அதே வழியில் போய்வந்த ஒருவரோடு, இருவரின் சம்மதத்தோடு, ஆலோசகர் போனில் சேர்த்துவைக்கலாம். சாட்பாட் வேண்டவே வேண்டாம். "எனக்கு இரண்டு மார்பையும் எடுத்துவிடலாமா?" என்று நடுராத்திரியில் கேட்பவருக்கு ஒரு இயந்திரம் பதில் சொல்வதை என்னால் ஏற்க முடியாது. அந்த இடத்தில் ஒரு பட்டன் போதும்: "என்னை நாளைக்குக் கூப்பிடுங்கள்". மறுநாள் ஒருவர் கூப்பிட வேண்டும், அதற்கு ஆள் இல்லையென்றால் அந்தப் பட்டனையும் வைக்காதீர்கள்.

இனி ஸ்கேன் அட்டவணை, உங்கள் செயலியின் முதுகெலும்பு. பிஆர்சிஏ மாற்றம் உள்ள பெண்ணுக்கு 25 வயதிலிருந்து வருடம் ஒருமுறை மார்பக எம்ஆர்ஐ, 30-லிருந்து அதோடு மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரேயும் என்பது பல நாடுகளில் பின்பற்றும் வழக்கம். லிஞ்ச் என்றால், எந்த மரபணு என்பதைப் பொறுத்து, இருபதுகளிலோ முப்பதுகளிலோ தொடங்கி ஒன்று முதல் இரண்டு அல்லது மூன்று வருடத்துக்கு ஒருமுறை கொலோனாஸ்கோபி, அதாவது பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது. ஆனால் இந்த எண்களை நிரலில் எழுதிப் பூட்டாதீர்கள். வழிகாட்டு நெறிகள் மாறும், ஆளுக்கு ஆளும் மாறும். மருத்துவர் எழுதிக் கொடுத்ததை ஆலோசகர் உள்ளிட வேண்டும், செயலி அதை நடத்திக் கொடுக்க வேண்டும். சினைப்பைக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் என்று ஒரு கட்டத்தைப் போட்டுப் பச்சை டிக் அடிக்கவைத்தால், பெண்கள் அதை நம்பி நிம்மதியாக இருந்துவிடுவார்கள். சினைப்பைப் புற்றுநோயை ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் உயிரைக் காக்கும் அளவுக்கு முன்கூட்டிப் பிடிப்பதில்லை. இரண்டு லட்சம் பெண்களைப் பின்தொடர்ந்த பிரிட்டன் ஆய்வு 2021-ல் அதைத்தான் காட்டியது. அதனால்தான் பிள்ளைப்பேறு முடிந்த பிறகு, பிஆர்சிஏ1 என்றால் 35-க்கும் 40-க்கும் நடுவில், பிஆர்சிஏ2 என்றால் 40-க்கும் 45-க்கும் நடுவில், சினைப்பையையும் கருக்குழாயையும் எடுத்துவிடுவதைப் பற்றிப் பேசுகிறோம். அந்தப் பேச்சுக்கான தேதிதான் அங்கே நினைவூட்டலாக இருக்க வேண்டும்.

மலைக்காரருக்கு ஒரு எம்ஆர்ஐ என்றால் என்ன என்று பாருங்கள். மாதவிலக்கு நிற்காத பெண்ணுக்கு அதை விலக்கு தொடங்கிய 7-ஆம் நாளிலிருந்து 15-ஆம் நாளுக்குள் எடுப்பது நல்லது, அப்போதுதான் படம் தெளிவாக வரும். ஊட்டியிலிருந்து கோவை 86 கிலோமீட்டர், கூடலூரிலிருந்து ஊட்டிக்கே 50. விடிகாலைப் பஸ், ஒருநாள் கூலி போச்சு, கூட வருபவருக்கும் போச்சு. ஐப்பசி, கார்த்திகையில் மண் சரிந்தால் குன்னூர்ச் சாலையை மூடிவிடுவார்கள், கோத்தகிரி வழியாகச் சுற்ற வேண்டும். மே மாதம் சீசன் கூட்டத்தில் மலைப்பாதையில் வண்டி நகராது. கூடலூர், பந்தலூர்க்காரர்கள் பலர் கோவைக்கே வருவதில்லை, சுல்தான் பத்தேரிக்கும் கோழிக்கோட்டுக்கும் போகிறார்கள். செயலி இதையெல்லாம் சேர்த்து யோசிக்க வேண்டும். வருடாந்திர எம்ஆர்ஐயை தை, மாசிக்குத் தள்ளச் சொல்லி மருத்துவரிடம் கேட்கலாம். விலக்குத் தேதியை அவர் குறித்தால், போக வேண்டிய நாட்கள் இவை என்று இரண்டு மூன்று நாளைக் காட்டலாம். ஒரே பயணத்தில் ரத்தம், ஸ்கேன், மருத்துவர் மூன்றையும் முடிக்க முன்பதிவு செய்யவேண்டும் என்று ஒரு வாரம் முன்னால் ஞாபகப்படுத்தலாம். நான் பார்த்தவரையில் ஸ்கேனை விட்டவர்கள் யாரும் பயத்தாலோ அலட்சியத்தாலோ விடவில்லை. போனமுறை கீழே போய், தேதி தவறு என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள்தான் விட்டார்கள்.

உறவினருக்குச் சொல்வது இதைவிடக் கஷ்டம். குடும்பத்தில் ஒருவரிடம் மாற்றம் இன்னது என்று தெரிந்துவிட்டால், மற்றவர்களுக்கு அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தால் போதும், செலவும் குறைவு. ஆனால் தங்கையிடம் எப்படிச் சொல்வது? சொத்துப் பேச்சில் நின்றுபோன உறவாக இருக்கும், புகுந்த வீட்டில் தெரிந்தால் என்னாகும் என்ற பயம் இருக்கும். இதற்கு ஒரு சின்னக் கடிதம் தயாராக இருக்கட்டும், யாருடைய பெயரும் இல்லாமல்: "நம் குடும்பத்தில் ஒருவருக்கு ஒரு பரிசோதனையில் ஒரு விஷயம் தெரிந்திருக்கிறது. உங்களுக்கும் பயன்படலாம். விருப்பமிருந்தால் இந்த எண்ணில் பேசுங்கள்." அதையே குரலாகவும் வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். யாருக்கு, எப்போது அனுப்புவது என்பது முழுக்க அவர் கையில். பெறுபவர் திறந்தாரா என்று காட்டும் டிக் வேண்டாம், தெரிந்துகொள்ளாமல் இருக்கவும் அவருக்கு உரிமை உண்டு. 18 வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளுக்குப் பெரியவர்களான பிறகு வரும் நோய்களுக்கான டெஸ்ட் எடுப்பதில்லை. குடலில் நூற்றுக்கணக்கில் பாலிப் என்ற சின்னச் சதை வளர்ச்சிகள் வரும் எஃப்ஏபி போன்ற சிலவற்றுக்கு மட்டும் விதிவிலக்கு, அதில் பத்துப் பன்னிரண்டு வயதிலேயே கண்காணிப்பு தொடங்கும். செயலியில் பிள்ளைகளுக்கு "வாய்ப்பு உண்டு" என்று நிறம் அடித்து வைக்காதீர்கள்.

தரவை எங்கே வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். முடிந்தவரை போனிலேயே, பூட்டி. 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சம்மதத்தையும் அழிக்கும் உரிமையையும் சொல்கிறது. ஆனால் மரபணு முடிவை வைத்து வேலையிலும் மருத்துவக் காப்பீட்டிலும் பாகுபாடு காட்டக்கூடாது என்று அமெரிக்காவில் 2008-ல் வந்தது போன்ற தனிச் சட்டம் நம்மிடம் இல்லை. ஒருமுறை வெளியே போனால் திரும்ப அள்ள முடியாது. கூடவே, ஒரு பக்கத் தாளாக அச்சடிக்கும் வசதி கட்டாயம். உங்கள் படிப்பு முடியும், சர்வருக்குப் பணம் கட்ட ஆள் இருக்காது, செயலி நின்றுபோகும். தாள் நிற்கும்.

அந்தத் தாளைப் பற்றி ஒன்று. இரண்டு வருடத்துக்கு முன் சோலூர்மட்டம் பக்கத்திலிருந்து இருபத்தேழு வயதுப் பெண் ஒருவர் வந்தார். அம்மா சினைப்பைப் புற்றுநோயில் போய் நான்கு வருடம். ஒரு துணிக்கடைப் பிளாஸ்டிக் கவரில், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக்கோடு சேர்த்து அம்மாவின் ரிப்போர்ட்டைக் கொண்டுவந்திருந்தார். ஓரமெல்லாம் ஈரம் பட்டு ஊறி, பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. இரண்டாம் பக்கத்தை ஊதி ஊதிப் பிரித்தோம். மாற்றத்தின் பெயர் இருந்த அந்த ஒரு வரி மட்டும் அழியாமல் இருந்தது. அது போதும், அந்த ஒரு இடத்தை மட்டும் பார்க்கச் சொல்லி அன்றைக்கே ரத்தம் அனுப்பினேன். அந்த வரியும் அழிந்திருந்தால், அம்மா இல்லாத நிலையில் எதைத் தேடுவது என்றே தெரியாமல் தொடங்கியிருப்போம். எதுவும் கிடைக்கவில்லை என்று வந்தாலும் அதை நம்பியிருக்க முடியாது.

அதனால் முதல் பதிப்பிலேயே ஒரு திரை வையுங்கள்: எனக்குப் பிறகு இந்த ரிப்போர்ட் யாருக்கு? கேட்கக் கூச்சமாக இருக்கும் என்று நினைப்பீர்கள். நான் கேட்ட பெண்கள் யாரும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை, "பெரியவளுக்கு" என்று யோசிக்காமல் சொல்வார்கள். இரண்டு பேருக்கு இடம் விடுங்கள். பெரியவள் கல்யாணமாகித் திருப்பூர் போயிருப்பாள், நம்பர் மாறியிருக்கும். வருடத்துக்கு ஒருமுறை, ஸ்கேன் நினைவூட்டல் வரும் அதே வாரத்தில், அந்த இரண்டு எண்களும் இன்னும் அவர்களுடையவைதானா என்று செயலி கேட்டுக்கொள்ளட்டும்.